மூன்றுசுழி மணம்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், அம்மா. பசை தடவிய துணியை அதன்மேல் போட்டிருந்தார்கள், இன்னும் காயவில்லை. இப்படி என் பக்கத்தில் வாருங்கள். சுவரோரம் வேண்டாம். எவனோ வெற்றிலையைத் துப்பி வைத்திருக்கிறான். பார்க்காதீர்கள் என்றால் பார்க்கிறீர்களே! சரி, நானும் காலையில் பார்த்துத் தொலைத்தேன்.

உங்கள் வண்டி எது? அந்தச் சிறிய வெள்ளையா? ஹாரன் மாற்ற மட்டுமா? கொடுத்து வைத்தவர். நாங்குநேரிக்கா போகவேண்டும்? அரை மணியில் கிளம்பிவிடலாம். நான் தை மாதத்திலிருந்து வருகிறேன். இது ஆனி. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். ஐந்து மாதமாக, வாரத்துக்கு ஒருநாள் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அதோ, கதவு நான்கையும் விரித்துப்போட்டுக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பெரிய சாம்பல் நிற வண்டி, அது எங்களுடையது. எஸ்யூவி என்கிறார்கள். ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

உள்ளலங்காரம் நடக்கிறது. வெளியே பலகையைப் பார்த்தீர்களா? 'கார்களுக்கு உள் அலங்காறம் செய்து தரப்படும்.' அலங்காரத்துக்கு எதற்கு வல்லின றகரம்? முதல் நாளே சொன்னேன். கடைக்காரர் பக்கீர் தலையைச் சொறிந்துகொண்டு, "அத யாரு ஆச்சி வாசிக்கா? படத்தப் பாத்துட்டுல்லா வாராவ" என்றார். ஆச்சியாம். எனக்கு அறுபத்தெட்டு. அவருக்கு ஐம்பது. நான் எந்தக் கணக்கில் அவருக்கு ஆச்சி ஆவேன்?

நான் இப்படித்தான் பேசுவேன், அம்மா, புத்தகம் படிப்பது போல. பாளையங்கோட்டையில் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் வேலை. முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, மூன்றாம் மெய்ப்பு. மூன்றாவதிலும் பிழை இல்லையென்றால் ஓரத்தில் 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நான் அதை எழுதாமல் ஒரு பக்கமும் இயந்திரத்தில் ஏறாது. "நம்ம ஆவுடைக்கு வாய்க்குள்ளயே அச்சாபீஸ்" என்பார் என் கணவர். ஆவுடைநாயகி என்பது என் பெயர். அவர் பெயர் தில்லைநாயகம். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதோ, வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான்.

அவருக்கு மூக்கு இல்லை.

மூக்கு இருக்கிறது, வாசனை தெரியாது. அந்தக் கொள்ளைக் காய்ச்சல் வந்த வருடம் போனது, திரும்பவே இல்லை. பால் தீய்ந்தாலும் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் தனியாகத் தூத்துக்குடிக்குப் போய், யாரோ வைத்திருந்த பழைய வண்டியை வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏட்டி, வந்து பாரு, ராசா மாதிரி நிக்கி" என்றார். போனேன். கதவைத் திறந்தார்.

அம்மா, நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் சொல்லலாம். கருவாடு. வண்டி முழுக்கக் கருவாடு. வாங்கியது கருவாட்டு வியாபாரியிடமாம். இருக்கைகளை மடக்கிவிட்டு மூட்டை மூட்டையாய் ஏற்றியிருக்கிறான். ஏழு வருடக் கருவாடு பஞ்சுக்குள் இறங்கி, தை மாத வெயிலில் வெந்து, அப்படியே கதவு வழியாக என் முகத்தில் வந்து அறைந்தது. நாங்கள் சைவம், அம்மா. முட்டை ஓட்டைக்கூட எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி பார்த்தது கிடையாது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். மூன்று முறை தலை முழுகினேன். அந்த மனிதர் பின்னாலேயே வந்து, "வாடை அடிக்கா?" என்று கேட்டார். அடிக்கிறதா என்று கேட்டார்!

திருப்பிக் கொடுங்கள் என்றேன். மாட்டாராம். உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், வாடை தானே போய்விடும் என்றார். யார் முகர்ந்து பார்த்துச் சொல்வது? நான்தான். அவருக்குத்தான் மூக்கு இல்லையே. அன்றிலிருந்து இதுதான் என் வேலை. பக்கீர் ஒன்றைக் கழற்றுவார், ஒன்றை மாட்டுவார். "ஆவுடை, வந்து மோந்து பாரு" என்று கூப்பிடுவார் இவர். நான் தலையை உள்ளே நீட்டி முகர்வேன். "இருக்கிறது" என்பேன். மறுபடியும் கழற்றுவார்கள். முப்பத்தொரு வருடம் கண்ணால் பார்த்த மெய்ப்பை இப்போது மூக்கால் பார்க்கிறேன். இப்படி ஒரு பிழைப்பு.

முதல் மாதம் இருக்கைகளைக் கழற்றிப் பஞ்சோடு மாற்றினார்கள். ஈரல் நிறத்தில் சீட் கவர், அதில் சிவப்புத் தையல். பார்த்தாலே குமட்டும். அடுத்து, தரையில் மேட். அடுத்து, கூரைத் துணி. அந்தக் கூரையில் புள்ளி புள்ளியாக விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை, நீலம், ஊதா என்று மாறி மாறி எரிகிறது. திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிறவன்கூட இவ்வளவு போடமாட்டான். "எதற்கு இந்தக் கண்றாவி?" என்று கேட்டால், "அண்ணாச்சிதான் கேட்டாவ, ஆச்சி" என்கிறார் பக்கீர். அண்ணாச்சியைக் கேட்டால், "வெளிச்சம் இருந்தா உனக்குத் தலை சுத்தாதுல்லா" என்கிறார். எனக்கா? எனக்கு எதற்கு? நான் எங்கே போகப்போகிறேன்?

இதைக் கேளுங்கள். முன் இருக்கையில் இடுப்புக்கு ஒரு திண்டு வைத்திருக்கிறார். என் இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது. அது வீட்டு விஷயம். அதை நாடாவால் அளந்து, படம் போட்டு, அங்குலக் கணக்கோடு ஒரு சீட்டில் எழுதி இந்தப் பக்கீரிடம் கொடுத்திருக்கிறார், வயலுக்கு நான்கு எல்லை குறிப்பது போல. கூச்சமாக இருக்காதா? அப்புறம் ஏறுகிற பக்கம் ஒரு படி. தரையிலிருந்து சரியாகப் பத்து அங்குலம். என் வலது முழங்கால் அதற்குமேல் மடங்காது. இதையும் ஊருக்குச் சொல்லியாயிற்று.

வண்டி ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட அருவருப்பு ஒன்று உண்டு. அவர் சட்டைப்பையைப் பாருங்கள், கைப்பேசி. அதில் மீன் பிடிக்கிறார்.

விளையாட்டாம். திரையில் ஒரு கடல், ஒரு சிறிய வள்ளம், ஒரு தூண்டில். விரலால் இழுத்தால் 'சளக்' என்று ஒரு மீன் துள்ளி விழும். அந்தச் சத்தம் இருக்கிறதே, அது ஈரமாக இருக்கும், அம்மா. பூசை அறை வரை கேட்கும். பிரதோஷத்தன்று பதினேழு மீன். திருவாதிரையன்று ஒரு சீலா. சைவ வீட்டில், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு! கேட்டால், "விளையாட்டுத்தானட்டி, ரத்தமா வருது?" என்கிறார். ரத்தம் வந்தால்தான் பாவமா? துடிக்கிறதே, அது போதாதா?

பெரிய நிறுவனம் எதுவும் செய்தது இல்லையாம். ஒரே ஓர் ஆள், வீட்டில் உட்கார்ந்துகொண்டு, படம் வரைந்து, சத்தம் சேர்த்து, எல்லாம் அவனே செய்ததாம். பெருமையாகச் சொன்னார். ஒரே ஆள் எழுதினால் மெய்ப்பு யார் பார்ப்பது? கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். முதல் திரையிலேயே விளையாட்டின் பெயர்: 'ஒற்றை தூண்டில்'. ஒற்றைத் தூண்டில் என்று தகர ஒற்று மிக வேண்டாமா? ஒற்றை என்று பெயர் வைத்துவிட்டு ஒற்றைத் தொலைத்திருக்கிறான்!

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குற்றம் சொல்வதென்றால் முழுவதும் படித்துவிட்டுத்தான் சொல்லவேண்டும். அது என் வழக்கம். அவர் மதியம் தூங்கும்போது எடுத்துப் பார்த்தேன். நான் விளையாடவில்லை. மீன் பிடித்தால்தான் அடுத்த வாசகம் வருகிறது, அதனால் பிடிக்கவேண்டியிருந்தது. ஒரு நூற்று நாற்பது இருக்கும். கயிற்றை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, தளர்த்தித் தளர்த்தி இழுக்கவேண்டும். அவருக்கு அது இன்னும் பிடிபடவில்லை, எல்லாவற்றையும் அறுத்துவிடுகிறார்.

பிழைகளை எழுதி வைத்திருக்கிறேன். இதோ, இந்தத் தாள். நாற்பத்து மூன்று. 'பொருமையாக இருங்கள்.' 'கயிறு அருந்தது.' கயிறு எதை அருந்தியது, மோரா? ஒன்றைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'தூண்டிலில் இறையை மாட்டவும்.' இரை, அம்மா! சின்ன ர. இவன் வல்லின றகரம் போட்டு, கடவுளைக் கொண்டுபோய்த் தூண்டில் முள்ளில் மாட்டச் சொல்கிறான்! கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் தேவாரம் சொன்னேன்.

யார் இந்தப் படிக்காத பிள்ளை என்று தேடினேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் சிறிய எழுத்தில் இருந்தது. 'உருவாக்கம்: அமலன் பர்னாந்து, மணப்பாடு.'

எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, இரண்டு முறை.

அவன் என் மருமகன்.

உங்களுக்கு என்ன வயது? முப்பத்தைந்தா? என் மகளுக்கும் அதுதான். கயற்கண்ணி. கணினி படிக்க அனுப்பினோம். கூடப் படித்தவனைக் கட்டிக்கொண்டாள். மீன்பிடிக்கிற குடும்பம். வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவரவர் கும்பிடுகிற சாமி அவரவர்க்கு. பையனும் மரியாதையானவன்தான். அமலன் என்பது சிவனுக்குரிய பெயர், தெரியுமா? மலமற்றவன் என்று பொருள். அவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஒன்பது வருடம் ஆயிற்று. பதிவு அலுவலகத்தில் கல்யாணம். இவர் என்னை வற்புறுத்தி அழைத்துப்போனார். போனேன், நின்றேன், சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்து படியில் நிற்கும்போது பையனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா நம்ம வீட்டுக்கு வருவிய?" என்று கேட்டார். மணப்பாட்டில் கடலைப் பார்த்த வீடாம். நான் சொன்னேன், மெதுவாகத்தான் சொன்னேன்: "மீன் வாடை வீசுகிற எதிலும் நான் கால் வைக்கமாட்டேன்." அவ்வளவுதான். வைதேனா, சபித்தேனா? உண்மையைச் சொன்னேன்.

அந்த அம்மாள் என் கையை விட்டுவிட்டுத் தன் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். எல்லார் முன்னாலும். கொஞ்சம் நாடகம் போலத்தான் எனக்குப் பட்டது.

கயல் என் பக்கம் திரும்பினாள். என்னை ஒருமுறை பார்த்தாள், அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அதன்பின் அப்பாவோடு பேசுகிறாள், என்னோடு இல்லை. நானும் பேசவில்லை. பேசமாட்டேன் என்று சொன்னதில்லை. பிழை செய்தவர்கள் திருத்திக்கொண்டு வரட்டும் என்று இருந்தேன். நம் தொழிலில் அதுதான் முறை.

என்ன கேட்டீர்கள்? கயல் என்றால் மீன்தானே என்றா? அது உவமை, அம்மா. கண்ணின் வடிவத்துக்குச் சொல்வது. மதுரையில் இருக்கிறவள் பெயரும் அதுதான். அங்கே யாராவது மூக்கைப் பொத்திக்கொள்கிறார்களா? நீங்கள் கேட்பது போலவே அந்தப் பையனும் கேட்டானாம், "பேரு வச்சது நானில்லையே, மாமா" என்று. இவர் வந்து அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். அந்தக் கரையில் ஒரு மேடு உண்டு. மேட்டின்மேல் ஒரு வீடு. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். ஜன்னலில் ஓர் அம்மாள் நிற்பாள். விளையாட்டில் அவள் பெயர் 'மேட்டு வீட்டு அம்மா'. பிடித்த மீனை யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம். அவளிடம் மட்டும் செல்லாது. எதைக் கொண்டுபோனாலும் ஜன்னலில் இருந்தபடி ஒரு வாக்கியம் சொல்லித் திருப்பி அனுப்புவாள். கதவைத் திறக்கவைத்தால்தான் விளையாட்டு முடியுமாம். இவர் சீலா கொண்டுபோனார், விளமீன் கொண்டுபோனார், ஒருநாள் முத்தே கொண்டுபோனார். கதவு அசையவில்லை. மூன்று மாதம்!

நான் அந்த அம்மாள் சொல்லும் வாக்கியங்களையும் மெய்ப்புப் பார்த்தேன். அம்மா, அவள் பேச்சில் ஒரு பிழைகூட இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் தப்பும் தவறுமாகப் பேசுகிறார்கள். இவள் மட்டும் ஒற்றுப் பிசகாமல் பேசுகிறாள். 'கை கால் அலம்பாமல் படியேறாதே.' 'சோற்றைச் சிந்தாதே; சொல்லையும் சிந்தாதே.' அரைப்புள்ளி! இந்தக் காலத்தில் யாரம்மா அரைப்புள்ளி போடுகிறார்கள்? கைப்பேசி விளையாட்டில்! பாராட்டவேண்டும் என்றே முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சோற்று வாக்கியத்தை மறுபடியும் படித்தேன். அது என் வாக்கியம். கயல் சாப்பிட உட்காரும்போது தினமும் நான் சொன்னது. ஜன்னலில் நிற்கிறவள் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தேன். சங்கிலி கோத்த கண்ணாடி. இதோ, இதே போல.

எப்படி இருக்கும் எனக்கு? என்னைப் படம் போட்டு, ஜன்னலில் நிறுத்தி, ஊரில் இருக்கிற போக்கற்றவன் எல்லாம் செத்த மீனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டும்படி செய்திருக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து. அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. இவருக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லாம் தெரிந்துதான் தினமும் மீனைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு ஏறுகிறார்.

போன மாதம் ஒருநாள் காலை, காப்பி குடித்துக்கொண்டே, "ஏட்டி, இந்தப் பொம்பளைக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார்.

"அதை எழுதியவர்களைக் கேளுங்கள்" என்றேன்.

"கேட்டேன். 'அம்மைக்குத் தெரியும்'ங்கா."

யார் அப்படிச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் வேறு. ஒரு வீட்டுக்கு எப்படிப் போகவேண்டும் என்று எழுபத்திரண்டு வயதில் தெரியாதா? "மீன் கூடையைக் கீழே வையுங்கள்" என்றேன். "படிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் நிற்கிறது, மூன்று மாதமாக அதைப் பார்க்கவில்லையா? கையைக் கழுவுங்கள். ஒன்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வெறுங்கையோடு போய் நில்லுங்கள். வீட்டுக்கு வருகிறவரை யார் எதைக் கொண்டுவா என்று கேட்டது?"

குழாயைத் தொட்டார். தண்ணீர் வந்தது. அது வெறும் படம் என்று நினைத்திருந்தாராம், பாவி மனிதர். வெறுங்கையோடு மேட்டில் ஏறினார். கதவு திறந்தது.

அந்த அம்மாள் வெளியே வந்தாள். முழு உருவமாக. முழங்காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடந்தாள், அதையும் விடவில்லை. எழுத்து வந்தது. 'வந்துவிட்டாயா? சாப்பிட்டாயா? என் மணம் மாறிவிட்டது.'

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினேன். மணம்! மூன்றுசுழி ண! மனம் அல்லவா மாறவேண்டும்? அத்தனை வாக்கியத்தையும் பிழையில்லாமல் எழுதிவிட்டுக் கடைசி வாக்கியத்தில் கோட்டை விட்டிருக்கிறாள்!

கயலுடைய பிழைதான் அது, அம்மா. எனக்குத் தெரியாதா? மூன்றாம் வகுப்பில் அத்தைக்குக் கடிதம் எழுதினாள், 'என் மணம் மகிழ்ந்தது' என்று. தன் பெயரையே கயற்கன்னி என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. இரண்டுசுழி எங்கே, மூன்றுசுழி எங்கே என்று அவளுக்கு நிற்காது. காதைத் திருகி, ஐம்பது முறை எழுதவைத்தேன். மனம் நெஞ்சில் இருப்பது, மணம் பூவில் இருப்பது. எழுதி எழுதி விரல் சிவந்து, அப்படியே நோட்டின்மேல் தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பிழையைச் செய்ததே இல்லை. ஒருமுறைகூட இல்லை. கல்லூரியில் கட்டுரைப் பரிசு வாங்கியவள்.

இருபத்தேழு வருடம் கழித்து இப்போது எப்படி வந்தது? சொல்லுங்கள். மறந்திருக்க வழியில்லை. அரைப்புள்ளி நினைவிருக்கிறவளுக்குச் சுழி மறக்குமா? நானும் ஒரு மாதமாக யோசிக்கிறேன். மணம் மாறிவிட்டது என்றால் வாடை மாறிவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். ஆனால் மீன் வாடையை யாராவது மணம் என்பார்களா? நான் வாடை என்று சொன்னதை அவள் மணம் என்று எழுதியிருக்கிறாள். நாற்றம் என்கிற சொல்லே பழைய நாளில் நல்ல வாசனையைத்தான் குறித்தது, நாம்தான் கெடுத்துவிட்டோம். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

எப்படியிருந்தாலும் பிழை பிழைதான். தொலைபேசியில் திருத்தமுடியாது. மூன்றுசுழி, இரண்டுசுழி என்று கத்தினால் காதில் சரியாக விழாது. நேரில் போய், தாளைக் காட்டி, இந்த இடம் என்று விரல் வைத்துச் சொன்னால்தான் புரியும். அதற்காகத்தான் இந்தத் தாளைப் பையில் வைத்திருக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வண்டியா? வாடை போனதும் மணப்பாட்டுக்குப் புறப்படலாம் என்கிறார் இவர். வண்டியில் இன்னும் வாடை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

...

நீங்கள் அந்நியர். நாங்குநேரிக்குப் போய்விடுவீர்கள். உங்களிடம் சொன்னால் என்ன? இல்லை. வாடை வைகாசி முதல் வாரமே போய்விட்டது. நடு இருக்கை நகருகிற தண்டவாளத்துக்குள் ஒரு பிடி நெத்திலி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கீர் குறடு வைத்துச் சுரண்டி எடுத்தார். அதோடு போயிற்று. அதற்குப் பிறகு தோல் வாடையும் பசை வாடையும்தான். ஆனால் இவர் "மோந்து பாரு" என்று கூப்பிடும்போதெல்லாம் "இருக்கிறது" என்றே சொன்னேன். ஐந்து முறை சொல்லியிருக்கிறேன். இல்லாத பிழையைப் பிழை என்று சொல்வது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். ஐந்து முறையும் அவர் என்னை நம்பினார். ஒவ்வொரு முறையும் எதையாவது கழற்றிப் புதிதாக மாட்டினார். கூரை விளக்கு, கதவு அட்டை, ஸ்டீரிங் உறை, எல்லாம் அப்படி வந்தவைதான். பக்கீர் இன்று காலை சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, இனி மாத்தணும்னா வண்டியத்தான் மாத்தணும்."

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. எதற்குப் பயம்? வாடைக்குத்தான் சொன்னேன். அந்தக் கடலோர வீட்டில் வாடை இருக்கத்தானே செய்யும்? போய் நின்று, வாந்தி எடுத்து, மறுபடியும் பையனின் தாய் தன் கையை எடுத்து...

அன்று அவர் கையில் மீன் வாடை இல்லை, அம்மா.

மல்லிகை. இரண்டு கையிலும் மல்லிகை. விடியற்காலையில் இருந்து எனக்காகப் பூக் கட்டியிருக்கிறார். என் தலையில் வைக்க ஒரு பந்து பூவை வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்தபோதே எனக்குத் தெரியும். அதற்குமேல்தான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்ததும் மல்லிகையைத்தான். மல்லிகையை முகர்ந்துவிட்டு, தனக்குத்தான் தெரியவில்லையோ என்று மறுபடியும் முகர்ந்தார். நாடகம் இல்லை அது. நான் இவ்வளவு நேரம் உங்களிடம் நாடகம் என்று சொன்னது தவறு. அடித்துவிடுங்கள்.

இருங்கள், கூப்பிடுகிறார்.

"ஆவுடை! இங்க வா. கடைசித் தடவ. மோந்து பாத்துச் சொல்லிரு. இருந்தா வித்துருதேன், சத்தியமா."

முகத்தைப் பார்த்தீர்களா? விற்றுவிடுவார். சொன்னால் செய்கிறவர். ஒரு நிமிடம். இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

...

வந்துவிட்டேன். படி சரியான உயரம். பத்து அங்குலம், அளந்துதான் வைத்திருக்கிறார். திண்டும் இடுப்புக்குப் பொருந்துகிறது. நிறம்தான் சகிக்கவில்லை. அந்த ஊதா விளக்கை அணைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வேறு என்ன சொன்னேனா? "அச்சுக்குப் போகலாம்" என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கிவிட்டது. பக்கீர்தான், "ஆச்சி என்ன சொல்லுதாவ அண்ணாச்சி, இன்னும் வாடையா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். இவர் சாவியைத் தேடுகிறார். சட்டைப்பையில்தான் இருக்கிறது, கையை விட்டு விட்டு எடுக்கத் தெரியவில்லை.

இங்கிருந்து மணப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகுமாம். சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். கேட்டால், சாப்பிடவில்லை என்று சொல்லவேண்டியதுதான். அவள் கேட்பாள்.

கொடுங்கள் பையை. இந்தத் தாள் மட்டும் வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் ர, ற பழகட்டும். நாற்பத்து மூன்றும் எனக்கு மனப்பாடம். மனப்பாடம், இரண்டுசுழி. ஊர்தான் மூன்றுசுழி.

அம்மா, இந்தக் கடையில் கை கழுவக் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது?